டெசிமேட்: பத்தில் ஒன்று எப்படிப் பெரும்பகுதி ஆனது?

ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்கும் வேலையில் என்னை ரொம்ப நாள் அலைக்கழித்த வினைச்சொல் டெசிமேட் (decimate). ஒருமுறை பாறு கழுகுகளைப் பற்றிய கட்டுரை ஒன்று வந்தது. கையிலிருந்த பழைய அகராதியை நம்பி, "பத்தில் ஒரு பங்கு கழுகுகள் அழிந்துவிட்டன" என்று எழுதிக் கொடுத்தேன். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது போய்விட்ட பறவை அது! அச்சுக்குப் போகுமுன் ஆசிரியர் கண்ணில் பட்டதால் பிழை வெளியே வரவில்லை. அகராதி பொய் சொல்லவில்லை. நான் பார்த்தது அந்தச் சொல்லின் இரண்டாயிரம் ஆண்டுப் பழைய முகம். அதற்கப்புறம் இந்தச் சொல்லைத் தேடித் தேடிப் படித்தேன். நண்பர்களும் மொழிபெயர்ப்பு பழகும் மாணவர்களும் என்னிடம் கேட்டவை, நானே எனக்குள் கேட்டுக்கொண்டவை எல்லாம் கீழே இருக்கின்றன.

இன்று இந்தச் சொல்லுக்கு என்னதான் பொருள்?

ஒரு கூட்டத்தில் பெரும்பகுதியை அழித்துவிடுவது. படை, ஊர் மக்கள், ஆட்டுமந்தை, காட்டு மரங்கள், கடல் மீன் என்று தலை எண்ணக்கூடிய எதற்கும் வரும். கொள்ளைநோய் ஒரு நகரத்தை டெசிமேட் செய்தது என்றால், மக்களில் கணிசமானவர்களை அது வாரிக்கொண்டு போய்விட்டது என்று அர்த்தம். "பத்தில் ஒருவரைக் கொல்வது" என்ற பழைய பொருளும் அகராதிகளில் இருக்கிறது. ஆனால் இன்று அந்தப் பொருளில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ரோமானிய வரலாறு எழுதுகிறவர்கள்தான்.

சொல் எங்கிருந்து வந்தது?

லத்தீனில் டெகெம் என்றால் பத்து, டெகிமுஸ் என்றால் பத்தாவது. அதிலிருந்து பிறந்த வினை டெகிமாரே. பத்தில் ஒன்றை எடுப்பது என்பதுதான் அதன் நேர்ப்பொருள். எதை எடுப்பது என்பதில் இரண்டு வழக்குகள் இருந்தன: விளைச்சலிலோ வருமானத்திலோ பத்தில் ஒன்றை வரியாகவோ காணிக்கையாகவோ எடுப்பது ஒன்று, குற்றம் செய்த படைவீரர்களில் பத்தில் ஒருவரின் உயிரை எடுப்பது மற்றொன்று.

இதன் சொந்தக்காரச் சொற்கள் நமக்குப் பழக்கமானவையே. டெசிமல் தெரியும், டிசம்பர் தெரியும். அமெரிக்காவின் 10 சென்ட் நாணயமான டைம் இந்தக் குடும்பம்தான். கல்லூரி டீன்கூட இங்கிருந்து வந்தவர்தான். பத்துப் பேருக்குத் தலைவர் என்பது அந்தப் பதவிப்பெயரின் ஆதிப்பொருள். சமஸ்கிருதத்தின் தச, ஆங்கிலத்தின் டென் ஆகியவையும் லத்தீன் டெகெமும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை. அதனால் நாம் சொல்லும் தசமி, தசமம் எல்லாம் டெசிமேட்டுக்குத் தூரத்து உறவு. நம் பத்து வேறு குடும்பத்துச் சொல்.

ரோமானியர் உண்மையில் என்ன செய்தார்கள்?

கி.மு. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் இதைத் தெளிவாக எழுதி வைத்திருக்கிறார். ஒரு படைப்பிரிவு மொத்தமும் போர்க்களத்தை விட்டு ஓடிவிட்டால் எல்லோரையும் கொல்ல முடியாது. கொன்றால் படையே இருக்காது. விட்டுவிட்டால் அடுத்த முறையும் ஓடுவார்கள். அதனால் லெஜியன் என்ற பெரும்படைப்பிரிவைக் கூட்டி நிறுத்தி, ஓடியவர்களை முன்னே வரவழைத்து, கடுமையாகக் கண்டித்துவிட்டுச் சீட்டுப் போடுவார்கள். சில சமயம் ஐந்து பேர், சில சமயம் எட்டு, சில சமயம் இருபது. ஓடியவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு வரும்படி கணக்கு. சீட்டு விழுந்தவர்களைத் தடியால் அடித்தே கொன்றுவிடுவார்கள். வெளியிலிருந்து யாரும் கொலைகாரர்கள் வருவதில்லை. நேற்றுவரை ஒன்றாகச் சாப்பிட்டு ஒன்றாகப் படுத்தவர்கள் கையில்தான் தடி.

பிழைத்தவர்களுக்கும் தண்டனை உண்டு. கோதுமைக்குப் பதில் பார்லி கொடுப்பார்கள். பார்லி குதிரைக்குப் போடும் தீனி. முகாமின் அரணுக்குள் படுக்க விடாமல், வெளியே பாதுகாப்பில்லாத இடத்தில் கூடாரம் போடச் சொல்வார்கள்.

பொலிபியஸ் இதற்குக் காரணமும் சொல்கிறார். சீட்டு யார் மேல் விழும் என்று தெரியாததால் அச்சம் எல்லோருக்கும் சமமாக இருக்கும். பார்லி தின்னும் அவமானமும் எல்லோருக்கும் பொது. இந்த இடத்தைப் படித்தபோதுதான் எனக்கு இந்தச் சொல்லின் பின்னால் நடந்த மாற்றம் புரிய ஆரம்பித்தது. செத்தவர் பத்தில் ஒருவர், சரி. நடுங்கியவர் பத்தில் பத்துப் பேர். அந்தத் தண்டனையை ஏற்பாடு செய்தவர்களுக்கே எண்ணிக்கையைவிட நடுக்கம்தான் முக்கியமாக இருந்தது.

இது அடிக்கடி நடந்ததா?

இல்லை. சினிமா பார்த்தால் ரோமானியத் தளபதிகள் வாரம் ஒருமுறை சீட்டுப் போட்ட மாதிரி தோன்றும். பதிவான நிகழ்வுகள் குறைவு. ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி எழுதிய வரலாற்றில் கி.மு. 471-இல் வோல்ஸ்கியர் என்ற அண்டை இனத்தாருடனான போரில் தோற்ற பிறகு, அப்பியுஸ் கிளாடியுஸ் என்ற கான்சல் (ரோமின் உயர் ஆட்சியாளர்) தன் படையில் பத்தில் ஒருவரைச் சீட்டு மூலம் கொன்றதாக வருகிறது.

அதிகம் பேசப்படுவது ரோமானியத் தளபதி கிராசுஸ் கதை. ஸ்பார்டகஸ் தலைமையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்த காலம், கி.மு. 73 முதல் 71 வரை. ஆயுதங்களைப் போட்டுவிட்டு ஓடிய படையில் முதலில் ஓடிய 500 பேரை, பத்துப் பத்தாக 50 குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஒருவர் என்று 50 பேரைக் கொன்றார் கிராசுஸ். புளூடார்க் இதைச் சொல்லும்போது, வெகுகாலம் வழக்கொழிந்து கிடந்த தண்டனையை அவர் மீண்டும் கொண்டுவந்தார் என்கிறார். அந்தக் காலத்திலேயே அது பழைய கொடுமை. அப்பியன் என்ற இன்னொரு வரலாற்றாசிரியர் ஒரு கணக்கின்படி 4,000 பேர் வரை கொல்லப்பட்டதாக எழுதுகிறார். 50-க்கும் 4,000-க்கும் இடையில் எத்தனை தூரம்! இந்தத் தண்டனையைப் பற்றிய எண்கள் ஆரம்பத்திலிருந்தே உறுதியில்லாதவைதான்.

ஜூலியஸ் சீசர் கி.மு. 49-இல் கலகம் செய்த ஒன்பதாம் லெஜியனை இப்படித் தண்டிக்கப்போவதாக மிரட்டினார். வீரர்கள் அழுது மன்றாடியதால் கலகத்துக்குக் காரணமான 120 பேரை மட்டும் பிரித்து, அவர்களில் 12 பேரைச் சீட்டு மூலம் கொன்றார் என்கிறார் அப்பியன். அந்தப் பன்னிரண்டில் ஒருவர் கலகத்தின்போது முகாமிலேயே இல்லை என்று தெரியவந்தது. அவரை விட்டுவிட்டு, அவர்மேல் பொய்ப்பழி போட்ட செஞ்சுரியனை, அதாவது நூற்றுவர் தலைவனை, கொன்றார்கள். பிறகு மார்க் ஆண்டனி, அகஸ்டஸ், கி.பி. 68-இல் கால்பா என்று சில பெயர்கள் வருகின்றன. அவ்வளவுதான்.

தசமபாகத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு, நேரடியாகவே. தமிழ்க் கிறிஸ்தவர்கள் வருமானத்தில் பத்தில் ஒன்றைத் தேவாலயத்துக்குக் கொடுப்பதைத் தசமபாகம் என்பார்கள். இடைக்கால லத்தீனில் டெகிமாரே என்றால் பெரும்பாலும் இதுதான். ஆங்கிலத்திலும் டெசிமேஷன் என்ற பெயர்ச்சொல் 15-ஆம் நூற்றாண்டில் முதலில் வந்தது இந்தக் காணிக்கை அர்த்தத்தில்தான், ரத்தம் சிந்தும் அர்த்தத்தில் அல்ல.

"ஆதிப்பொருளில் மட்டுமே சொல்லைப் பயன்படுத்த வேண்டும்" என்று வாதாடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆங்கிலத்தின் மூத்த வழக்கைத்தான் பிடித்துக்கொள்வேன் என்றால், ஞாயிற்றுக்கிழமை காணிக்கைப் பையில் பணம் போடுவதைத்தான் டெசிமேஷன் என்று சொல்ல வேண்டியிருக்கும்.

வரி என்ற அர்த்தம் அரசியலிலும் ஒருமுறை தலைகாட்டியது. 1655 மார்ச்சில் இங்கிலாந்தில் மன்னர் ஆதரவாளர்கள் ஒரு கிளர்ச்சி செய்து தோற்றார்கள். அதன்பின், மன்னர் இல்லாத அந்நாட்டை அப்போது ஆண்ட ஆலிவர் கிராம்வெல் அரசு மன்னர் ஆதரவாளர்களின் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கை வரியாக விதித்தது. அதன் பெயரே டெசிமேஷன் வரி. வந்த பணம் மேஜர் ஜெனரல்களின் உள்ளூர்ப் படைக்குப் போனது. வெறுப்பு கூடிக்கொண்டே போய், 1657 ஜனவரியில் நாடாளுமன்றம் அதைத் தொடர மறுத்துவிட்டது.

வினைச்சொல்லாக ஆங்கிலத்தில் எப்போது வருகிறது?

1600 வாக்கில். அதற்குப் பின்னணியான நிகழ்வு அயர்லாந்தில் நடந்தது. 1599 மே மாதம் விக்லோ பகுதியில் ஆங்கிலப் படை ஒன்று ஐரிஷ் படையிடம் தோற்று ஓடியது. அப்போது அயர்லாந்தில் எலிசபெத் அரசியின் பிரதிநிதியாக இருந்த எசெக்ஸ் பிரபு, ஓடியவர்களை ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினார். எல்லோருக்கும் மரண தண்டனை. பிறகு கருணை காட்டி, சீட்டுப் போட்டுப் பத்தில் ஒருவரை மட்டும் கொல்வது என்று குறைத்தார். அந்தக் காலத்துக் குறிப்பில் "டெசிமேட் மட்டும் செய்யப்பட்டார்கள்" என்ற பொருளில் வருகிறது. அந்த "மட்டும்" எனக்கு மறக்கவே மாட்டேன் என்கிறது. இன்று அந்த வினைச்சொல்லோடு "மட்டும்" சேர்த்து யாரும் எழுத முடியாது.

பொருள் எப்போது மாறியது?

பலர் நினைப்பது போல இது இணையத் தலைமுறை செய்த குளறுபடி இல்லை. 17-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி தாண்டியதுமே "பெருமளவு அழித்தல்" என்ற தளர்ந்த பொருள் எழுத்தில் வந்துவிட்டது. அதாவது ஆங்கிலத்தில் இறுக்கமான பொருள் தனியாக வாழ்ந்தது ஓரிரு தலைமுறைதான். பின்னர் வந்த 350 ஆண்டுக்கும் மேலாக இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்திருக்கின்றன.

ஒரு சான்று மனதைத் தொடும். நாவலாசிரியர் சார்லட் பிராண்டி, சிறுவயதில் தங்கிப் படித்த கவன் பிரிட்ஜ் பள்ளியைப் பற்றி 1848-இல் எழுதிய கடிதத்தில், டைஃபஸ் காய்ச்சல் அந்தப் பள்ளியை அவ்வப்போது டெசிமேட் செய்தது என்கிறார். அவருடைய அக்காக்கள் மரியாவும் எலிசபெத்தும் அந்தப் பள்ளியில்தான் நோயுற்று, 1825-இல் காசநோயால் இறந்தார்கள். அந்தக் கடிதத்தில் அவர் பத்தில் ஒரு பிள்ளை என்று கணக்குப் போட்டிருப்பார் என்று யாராவது சொல்வார்களா? அடுத்து எந்தக் கட்டில் காலியாகும் என்று தெரியாத ஓர் இடத்தைத்தான் சொல்கிறார். பொலிபியஸ் சொன்ன சீட்டும் அதே மாதிரிதான். எண் கழன்றுவிட்டது, யார் மேல் விழும் என்ற பயம் ஒட்டிக்கொண்டது. பொருள் மாறியது இந்த வழியில்தான் என்பது என் எண்ணம்.

அப்படியானால் அதைத் தவறு என்று சொல்கிறவர்கள் எங்கிருந்து வந்தார்கள்?

1870-இல் அமெரிக்க எழுத்தாளர் ரிச்சர்ட் கிராண்ட் வைட் இதைக் கண்டித்து எழுதினார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் செய்தியாளர்கள் பெரும் படுகொலைகளை எல்லாம் டெசிமேட் என்று எழுதியது அவருக்குப் பொறுக்கவில்லை. அதிலிருந்து இன்றுவரை ஒவ்வொரு தலைமுறையிலும் யாராவது ஒருவர் இந்தத் திருத்தத்தைக் கையில் எடுக்கிறார். லத்தீன் படித்தவருக்கு அது காதில் உறுத்தும் என்பது புரிகிறது.

ஆனால் அந்த வாதம் நிற்காது. டிசம்பர் என்றால் பத்தாம் மாதம். ரோமானியரின் பழைய ஆண்டு மார்ச்சில் தொடங்கியது. இன்று அது பன்னிரண்டாம் மாதம் என்று யாரும் நாட்காட்டியைக் கிழிப்பதில்லை. குவாரண்டைன் என்ற சொல்லுக்குள் இத்தாலியரின் நாற்பது நாள் இருக்கிறது. கொரோனா காலத்தில் 14 நாள் வீட்டுக்குள் இருந்தோம், அதற்கும் அதே பெயர்தான்.

நம் மொழியிலேயே பாருங்கள். எள்ளிலிருந்து எடுத்த நெய்தான் எண்ணெய். இன்று தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய், மண்ணெண்ணெய் வரைக்கும் போய்விட்டோம். ஆண்டாள் பாடலில் கற்பூரம் நாறுமோ, கமலப்பூ நாறுமோ என்று வரும் நாற்றம் நறுமணம். இன்று ஒருவரிடம் "உங்கள் வீடு நாறுகிறது" என்று பாராட்டிப் பார்க்க முடியுமா? எண்களையும் நாம் இப்படித்தான் நடத்துகிறோம். "நாலு பேர் என்ன சொல்வார்கள்" என்று கவலைப்படும் அம்மா நான்கு பேரை எண்ணி வைத்திருப்பதில்லை.

அப்போது எப்படி வேண்டுமானாலும் எழுதலாமா?

அப்படியும் இல்லை. ஆங்கிலச் சொல்வழக்குக் கையேடு எழுதிய ஃபௌலர் 1926-லேயே நல்ல வழி சொல்லியிருக்கிறார்: எண்ணிக்கை உள்ள எதன் பெரும்பகுதி அழிந்தாலும் இந்தச் சொல்லை விரித்துப் பயன்படுத்துவது இயல்பு, ஆனால் மூலப்பொருளோடு நேருக்கு நேர் மோதும்படி எழுதக்கூடாது. நான் பின்பற்றுவதும் இதைத்தான்.

"50 விழுக்காடு டெசிமேட் ஆனது" என்று எழுதினால், வேர் தெரிந்த வாசகருக்கு இரண்டு எண்கள் ஒன்றோடொன்று இடிக்கும். விழுக்காடு கையில் இருந்தால் "பாதியாகக் குறைந்தது" என்று சொல்லிவிட்டுப் போகலாமே. "முழுக்க டெசிமேட் ஆனது" என்பதும் சரிவராது, ஏனென்றால் இந்தச் சொல்லில் எப்போதும் மீந்தவர்கள் இருக்கிறார்கள். ஒருவர்கூட மிஞ்சவில்லை என்றால் அதற்கு ஆங்கிலத்தில் வேறு சொற்கள் உண்டு. ஒற்றை ஆளையோ ஒரே ஒரு கட்டடத்தையோ டெசிமேட் செய்ததாக எழுதுவதையும் நான் தவிர்க்கிறேன். காயத்தால் பாதி ஆட்டக்காரர்களை இழந்த அணியைச் சொன்னால் பொருந்தும். ஓர் அணி இன்னோர் அணியைத் தோற்கடித்தது என்பதற்கெல்லாம் இது எதற்கு?

இந்தத் தண்டனை ரோமோடு முடிந்துவிட்டதா?

முடிந்திருக்கலாம் என்று மனம் ஆசைப்படுகிறது. முதல் உலகப் போரில் இத்தாலியத் தலைமைத் தளபதி லுய்ஜி கடோர்னாவின் கீழ் இது உண்மையாகவே நடந்தது. 1917 ஜூலையில் சாந்தா மரியா லா லோங்கா என்ற ஊரில், மீண்டும் போர்முனைக்குப் போக மறுத்துக் கலகம் செய்த கத்தன்சாரோ பிரிகேடைச் சேர்ந்த 28 பேர் சுடப்பட்டார்கள். அவர்களில் 12 பேர் சீட்டு முறையில் பிடிக்கப்பட்டவர்கள்.

பின்லாந்து உள்நாட்டுப் போரில், 1918 பிப்ரவரியில், வர்காவுஸ் நகரத்தில் பிடிபட்ட செம்படையினரை (சோசலிசத் தரப்பினரை)ப் பனி உறைந்த ஹுருஸ்லாத்தி விரிகுடாவில் வரிசையாக நிறுத்தி, பத்தாவது ஆட்களைப் பிரித்துச் சுட்டார்கள். பின்லாந்துக்காரர்கள் அதை ஹுருஸ்லாத்தி லாட்டரி என்றே சொல்கிறார்கள்.

கணினித் துறையிலும் இந்தச் சொல் வருகிறதே, அது வேறா?

சொல் ஒன்றுதான், கணக்குத் தலைகீழ். சிக்னல் ப்ராசசிங் படித்தவர்களுக்கு டெசிமேஷன் தெரிந்திருக்கும். ஒலி அல்லது வேறு அலையிலிருந்து எடுத்த மாதிரிகளின் எண்ணிக்கையைக் குறைப்பது அது. "பத்தால் டெசிமேட் செய்" என்றால் பத்து மாதிரிகளில் ஒன்றை வைத்துக்கொண்டு ஒன்பதைத் தூக்கிப்போட வேண்டும். ரோமானியன் ஒன்றைக் கொன்று ஒன்பதை விட்டான், பொறியாளர் ஒன்பதை நீக்கி ஒன்றை விடுகிறார். முப்பரிமாண வரைகலையிலும் ஓர் உருவத்தின் பரப்பில் உள்ள முக்கோணங்களைக் குறைப்பதற்கு இதே பெயர். பிளெண்டர் மென்பொருளில் டெசிமேட் என்றே ஒரு வசதி இருக்கிறது. எத்தனை பங்கு மிச்சம் வேண்டும் என்று நாமே சொல்லலாம்.

மற்ற ஐரோப்பிய மொழிகளில்?

பிரெஞ்சில் டெசிமே, ஸ்பானிய மொழியில் தியெஸ்மார், ஜெர்மனில் டெசிமீரன். எல்லாமே ஆங்கிலம் போன வழியில்தான் போயிருக்கின்றன.

தமிழில் எப்படிச் சொல்வது?

இடத்தைப் பார்த்துத்தான். ரோமானிய வரலாறு என்றால் "பத்தில் ஒருவரைச் சீட்டுப் போட்டுக் கொல்லும் தண்டனை" என்று முதலில் விரித்துச் சொல்லிவிட்டு, பிறகு "பத்தில் ஒருவர் தண்டனை" என்று சுருக்கிக்கொள்வேன். கிராம்வெல் காலத்து வரி என்றால் "தசமபாக வரி".

நோய், போர், பஞ்சம் பற்றிய செய்திகளில் "பெரும்பகுதி அழிந்தது", "பாதிக்கு மேல் மாண்டார்கள்", "கொத்துக் கொத்தாகச் செத்தார்கள்" போன்றவை இடத்துக்கு ஏற்ப உட்காரும். "சின்னாபின்னமானது" என்றும் சிலர் போடுகிறார்கள். அது சிதறலைச் சொல்லும் சொல், எண்ணிக்கை குறைந்ததைச் சொல்லாது. தோற்று ஓடிய படைக்குச் சரி, நோயில் இறந்த ஊருக்குச் சரியில்லை. "நிர்மூலமானது" என்பது மிச்சமே இல்லை என்றாகிவிடும்.

எப்படியும் மூலக்கட்டுரையில் எண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அந்த எண்ணையே தமிழில் கொடுத்துவிடலாம். நான் தடுக்கி விழுந்த கட்டுரையிலும் எண் இருந்தது, நான்தான் வினைச்சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து, செத்த மாட்டைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது. 1990-களில் தொடங்கிய அழிவு அது. 2006-இல் இந்திய அரசு கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தது. கடைசியாக நான் திருத்திக் கொடுத்த வரி இது: "வெண்முதுகுப் பாறு கழுகுகள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் அழிந்துவிட்டன, மோயாறு பள்ளத்தாக்கு போன்ற ஒருசில இடங்களில் மிஞ்சியவை இன்னும் வட்டமிடுகின்றன."